கார், லாரி வராத 540 கி.மீ. பாதை: பிட்ஸ்பர்க்கில் இருந்து வாஷிங்டனுக்கு ஆற்றோரமாகவே சைக்கிளில் போக முடிவது எப்படி?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் சைக்கிளை எடுத்தால், தலைநகர் வாஷிங்டன் வரை சுமார் 540 கிலோமீட்டர் தூரத்தை பெரும்பாலும் ஆற்றோரமாகவே ஓட்டிப் போய்விடலாம். பின்னாடி வந்து ஹாரன் அடிக்க பஸ் கிடையாது. உரசிக்கொண்டு போக லாரி கிடையாது. சில இடங்களில் ஊர்ச் சாலைகளைக் குறுக்கே கடக்கணும், ஒன்றிரண்டு ஊர்களில் தெருவில் கொஞ்ச தூரம் போகணும். அவ்வளவுதான்.

கார் இல்லாமல் மளிகைக் கடைக்குக்கூடப் போக முடியாத ஊர்கள் நிறைந்த நாடு அது. அங்கே இப்படி ஒரு பாதை எப்படி வந்தது? சைக்கிளுக்காக யாரும் புதிதாக மலையை வெட்டவில்லை. பாதையின் ஒரு பாதி, ஓட்டம் நின்றுபோன ரயில்வே லைன். மறுபாதி, அதற்கும் முன்பே வெள்ளத்தில் அழிந்த படகுக் கால்வாயின் கரை.

பாதை எந்த வழியாகப் போகுது?

இது இரண்டு பாதைகளின் தொடர்ச்சி. பிட்ஸ்பர்க்கில் இருந்து மேரிலாண்ட் மாநிலத்தின் கம்பர்லாண்ட் ஊர் வரை 150 மைல், அதாவது சுமார் 241 கி.மீ., 'கிரேட் அலெகேனி பாஸேஜ்'. சுருக்கமாக 'கேப்'. கம்பர்லாண்டில் இருந்து வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் வரை 184.5 மைல், சுமார் 297 கி.மீ., செசபீக்–ஒஹையோ கால்வாயின் கரை.

பிட்ஸ்பர்க்கை விட்டதும் முதலில் மொனொங்ககேலா ஆறு துணைக்கு வரும். மெக்கீஸ்போர்ட்டில் அது கைமாற்றிவிட, யாக்கிகேனி ஆறு சேர்ந்துகொள்ளும். வாயில் நுழையாத பேர் என்பதால் உள்ளூர்க்காரர்களே 'யாக்' என்று முடித்துக்கொள்கிறார்கள். நாள் கணக்கில் இந்த ஆற்றை விட்டுப் பிரியாமல் போகலாம். ஒரு பக்கம் காடு மூடிய மலைச்சரிவு, மறுபக்கம் பாறைகளில் மோதி வெள்ளையாக நுரைத்து ஓடும் தண்ணீர்.

இந்தப் பள்ளத்தாக்கின் அழகான இடம் ஒஹையோபைல். இங்கே ஆறு குதிரை லாடம் மாதிரி வளைந்து ஒரு தீபகற்பத்தையே சுற்றிக்கொண்டு போகுது. ஆறு சுற்றிப் போகும் இடத்தை ரயில்காரர்கள் இரண்டு உயரமான பாலங்கள் போட்டு நேராகத் தாண்டினார்கள். இப்போது அந்தப் பாலங்களில் சைக்கிள் போகுது. கீழே ரப்பர் படகுகளில் ஆட்கள் அலறிக்கொண்டே போகிறார்கள். கொஞ்சம் மேலே போனால் யாக்கிகேனி, காசல்மன், லாரல் ஹில் ஓடை மூன்றும் கலக்கும் ஊர். அதன் பேரே கான்ஃப்ளூயன்ஸ். நம்ம ஊராக இருந்தால் முக்கூடல் என்று வைத்திருப்போம்.

மலையைத் தாண்டுகிறோம், ஆனால் மூச்சு வாங்கவில்லை. ஏன்?

காரணம் ரயில். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது பிடிமானம் குறைவு. ஏற்றம் கொஞ்சம் கூடினாலும் சக்கரம் வழுக்கும். அதனால்தான் ரயில் பொறியாளர்கள் மலையை நேராக ஏறாமல் ஆற்றின் வளைவுகளையே பிடித்துக்கொண்டு போவார்கள். முடியாத இடத்தில் குகையும் பாலமும் போடுவார்கள். நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டிக்காகச் செய்த இந்த வேலை, இப்போது சைக்கிள்காரரின் முழங்காலைக் காப்பாற்றுது.

கணக்கைப் பார்த்தால் புரியும். பாதையின் உச்சி கடல் மட்டத்தில் இருந்து 729 மீட்டர் உயரம். பிட்ஸ்பர்க் பக்கத்தில் இருந்து வந்தால் சுமார் 200 கி.மீ. தூரத்தில் 500 மீட்டர் ஏற்றம். அதாவது 100 மீட்டர் ஓட்டினால் ஏறுவது கால் மீட்டர். ஏறுகிற மாதிரியே தெரியாது. கம்பர்லாண்ட் பக்கத்தில் இருந்து வந்தால் கதையே வேறு. அதே அளவு உயரத்தை 38 கி.மீ.க்குள் ஏறணும். அதுவும் செங்குத்து கிடையாது. ஆனால் அரை நாளுக்கு ஓய்வே தராது. முதல் தடவை போகிறவர்கள் பிட்ஸ்பர்க்கில் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

அந்த உச்சி ஒரு நீர்ப்பிரிமேடு. மேற்கே விழும் மழை மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும். கிழக்கே விழுவது செசபீக் விரிகுடா வழியாக அட்லாண்டிக்குக்குப் போகும். உச்சிக்கு முன்னாடி காசல்மன் பள்ளத்தாக்கின் மேல் 582 மீட்டர் நீள சாலிஸ்பரி பாலம். உச்சியைத் தாண்டியதும் சுமார் ஒரு கி.மீ. நீள பிக் சாவேஜ் குகை. உள்ளே விளக்கு இருக்கு. ஆனால் குளிர்காலத்தில் குகையின் கதவை மூடிவிடுவார்கள். உள்ளே கசியும் தண்ணீர் உறைந்தால் சுவரே பிளந்துபோகும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. ஏப்ரல் வாக்கில் திறக்கும்.

கம்பர்லாண்டுக்கு அப்புறம்: கழுதைகள் நடந்த வழி

கம்பர்லாண்டில் இருந்து போடோமாக் ஆற்றங்கரை. இங்கே தண்டவாளம் இருந்ததே இல்லை. கால்வாயில் போகும் படகைக் கரையில் இருந்து கயிறு கட்டி இழுத்தவை கோவேறு கழுதைகள். அவை நடந்த தடம்தான் இன்றைய சைக்கிள் பாதை.

1828 ஜூலை 4 அன்று இந்தக் கால்வாய்க்கு முதல் மண் வெட்டியவர் அப்போதைய அதிபர் ஜான் குயின்சி ஆடம்ஸ். வாஷிங்டனில் இருந்து பிட்ஸ்பர்க் அருகே ஒஹையோ ஆறு வரை படகு விடுவது திட்டம். அதே நாளில், பக்கத்து பால்டிமோர் நகரத்தில் பால்டிமோர்–ஒஹையோ ரயில்வேக்கும் அடிக்கல் நாட்டினார்கள். போட்டி ஒருதலைப்பட்சமாகவே முடிந்தது. ரயில் 1842-இல் கம்பர்லாண்டைத் தொட்டது. கால்வாய் வந்து சேர்ந்தது 1850-இல். மலையைத் தாண்டும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

ஆனாலும் கட்டியவர்களின் உழைப்பு சாதாரணமில்லை. படகுகளை ஏற்றி இறக்க 74 நீர்ப்பூட்டுகள். ஓடைகளுக்கு மேலே கால்வாய்த் தண்ணீரையே தூக்கிச் செல்லும் 11 கல் பாலங்கள். ஒரு மலையைக் குடைந்து 950 மீட்டர் நீள பா பா குகை; அதை முடிக்க மட்டும் 14 ஆண்டுகள் ஆனது. 1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றது. 1938-இல் மத்திய அரசு 20 லட்சம் டாலருக்கு வாங்கிப் போட்டது.

ரோடு போடப் பார்த்தார்கள். ஒரு நீதிபதி நடந்தே தடுத்தார்

வாங்கிய கால்வாயை என்ன செய்வது? கார்கள் போகும் உல்லாசச் சாலையாக மாற்றலாம் என்ற யோசனை 1950-களில் வலுவாக இருந்தது. 1954 ஜனவரியில் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழும் தலையங்கம் எழுதி அதை ஆதரித்தது.

அதைப் படித்த உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்லஸ், அந்தப் பத்திரிகைக்கே கடிதம் எழுதினார். தலையங்கம் எழுதியவர் தன்னோடு வந்து 184.5 மைலையும் நடந்து பார்க்கட்டும், பிறகு அவரே மனம் மாறுவார் என்பது கடிதத்தின் சாரம். பத்திரிகையும் சவாலை ஏற்றுக்கொண்டது. மார்ச் 20 அன்று கம்பர்லாண்டில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் கிளம்பினார்கள். எட்டு நாள் நடந்து முழுத் தூரத்தையும் முடித்தது டக்லஸையும் சேர்த்து 9 பேர்தான். பத்திரிகை தன் நிலையை மாற்றிக்கொண்டது. ரோடு திட்டமும் மெல்லக் கைவிடப்பட்டது. 1971-இல் கால்வாய் முழுவதும் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது.

பதவியில் இருக்கும் நீதிபதி ஒரு பொது விவகாரத்தில் இப்படி இறங்கலாமா என்று இன்றைக்குக் கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நடை இல்லாவிட்டால், போடோமாக் கரையில் இன்று கார் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

தண்டவாளத்தை எடுத்த பிறகு நிலம் யாருக்குச் சொந்தம்?

ரயில் பக்கத்தில் சிக்கல் வேறு மாதிரி. அமெரிக்காவில் பல ரயில் கம்பெனிகளுக்கு நிலம் சொந்தமாக இல்லை. அதன் வழியாக வண்டி ஓட்டும் உரிமை மட்டுமே இருந்தது. ரயில் நின்றால் நிலம் பழைய உரிமையாளரிடம் திரும்பும். நடுவில் ஒரே ஒரு வயல் கைமாறினாலும் 100 கி.மீ. பாதை இரண்டாக வெட்டுப்படும்.

இதற்காக 1983-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். ரயில் கம்பெனி லைனைக் கைவிடுவதற்குப் பதில், எதிர்காலத்தில் ரயில் வரலாம் என்று 'சேமித்து' வைக்கலாம். அதுவரை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதையாக இருக்கும். நில உரிமையாளர்கள் கொதித்தார்கள். வெர்மான்ட் மாநிலத் தம்பதி ஒருவர் தொடுத்த வழக்கில், சட்டம் செல்லும், ஆனால் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம் என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசு இழப்பீடு தரவேண்டும் என்றது. பாதை வேண்டும் என்பவர்களும் நிலம் கொடுத்தவர்களும், இரண்டு பேருமே பாதி ஜெயித்த வழக்கு இது. இன்று அமெரிக்கா முழுக்க ரயில் போய் பாதையானது 40,000 கி.மீ.க்கும் மேல்.

கேப் பாதையையும் ஒரே அரசுத் துறை போட்டுவிடவில்லை. பல உள்ளூர்த் தன்னார்வ அமைப்புகள் துண்டு துண்டாகச் சேர்த்தவை இவை. 1986-இல் ஒஹையோபைலில் முதல் துண்டு திறந்தது. பிட்ஸ்பர்க் ஊருக்குள் கடைசித் துண்டு சேர்ந்தபோது 2013 ஆகிவிட்டது.

அதே 1986-இல்தான் பிட்ஸ்பர்க்கை ஒட்டிய ஹோம்ஸ்டெட் உருக்காலை மூடப்பட்டது. பாதையோரம் அந்த ஆலையின் புகைபோக்கிகள் வரிசையாக இன்னும் நிற்கின்றன. யாக்கிகேனி கரையில் சில இடங்களில் பழைய நிலக்கரிச் சுரங்கத் தண்ணீர் ஆரஞ்சு நிறத்தில் வழிவதையும் பார்க்கலாம். ஆலையும் சுரங்கமும் போன மேயர்ஸ்டேல், வெஸ்ட் நியூட்டன் மாதிரி சின்ன ஊர்களில் இப்போது சைக்கிள்காரர்களை நம்பித் தங்கும் விடுதி, சாப்பாட்டுக் கடை, பஞ்சர் கடை நடக்குது. போன ஆலை வேலைகளுக்கு இது ஈடாகாது; ஆனால் கோடைக்காலத்தில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கு.

போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது

முழுத் தூரத்துக்கும் ஆறில் இருந்து எட்டு நாள் தேவைப்படும். மே, ஜூன் அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்ல நேரம். கேப் பாதை பெரும்பாலும் பொடித்த சுண்ணாம்புக் கல், மழையிலும் ஓட்டலாம். கால்வாய்க் கரை மண் பாதை. மழை பெய்தால் சேறு, நடுவில் மர வேர், கூடவே கொசு. மெல்லிய ரேஸ் டயர் சரிப்படாது.

கால்வாய்ப் பகுதியில் கூடாரம் போட இலவச இடங்கள் சில மைலுக்கு ஒன்று உண்டு. கைப்பம்பும் கழிப்பறையும் இருக்கும். வெள்ளத்துக்கும் பாறைச் சரிவுக்கும் பிறகு சில பகுதிகளை மூடுவது வழக்கம் என்பதால், கிளம்பும் முன் தேசியப் பூங்கா இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடணும். பா பா குகையில் விளக்கு கிடையாது. டார்ச் எடுத்துக்கொண்டு, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

திரும்பி வர ஆம்ட்ராக் ரயில் இருக்கு. வாஷிங்டனில் ஏறினால் கம்பர்லாண்ட், கானல்ஸ்வில் வழியாக பிட்ஸ்பர்க் வரும். சைக்கிளுக்கும் தனியாக முன்பதிவு செய்யணும். இடம் கொஞ்சம்தான், சீசனில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.