இறக்கத்தில் தேறும் காலணி: நெடுந்தொலைவு மலையோட்டத்துக்கான தேர்வுமுறை குறித்து

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், கெஸிக் ஊரில் விருந்தினர் விடுதி நடத்திவந்த பாப் கிரஹாம் 1932 ஜூன் 13, 14 தேதிகளில் 42 குன்றுகளை ஒரே சுற்றில் ஏறி இறங்கி, 23 மணி 39 நிமிடத்தில் ஊர் திரும்பினார். ஏறத்தாழ 106 கிலோமீட்டர் தூரம். ஏற்றம் மட்டும் 8,000 மீட்டருக்கு மேல். காலில் இருந்தது டென்னிஸ் ஷூ. 1993இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்த லெட்வில் 100 மைல் பந்தயத்தில், மெக்சிகோவின் ராராமுரி இனத்தைச் சேர்ந்த விக்டோரியானோ சுர்ரோ தம் 55ஆவது வயதில் முதலாவதாக வந்தார். அவர் அணிந்திருந்தது பழைய டயரை வெட்டி வார் கோத்த செருப்பு. நம் ஊரில் உழைப்பாளிகள் போட்டுத் தேய்த்த டயர் செருப்புக்கு நெருங்கிய உறவு. 2009இல் பிரான்சின் அன்னெசி நகரில், சாலமன் நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய நிக்கோலா மெர்மூவும் ழான்-லுக் தியாரும் தொடங்கிய ஹோகா நிறுவனம் இதற்கு நேர்மாறாக, மிகத் தடித்த மெத்தையடி கொண்ட காலணியைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே நூறு மைல் பந்தயங்களில் அது சாதாரணக் காட்சியாகிவிட்டது.

அடியின் தடிமன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் இம்மூன்றும் ஒருசேர வெற்றி கண்டிருக்க முடியாது. வென்றவரின் காலை மட்டும் பார்த்து விதி வகுப்பது பிழை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிரஹாமும் சுர்ரோவும் மலையிலேயே பழகிய கால்களை உடையவர்கள்; அவர்கள் அணிந்ததை அணிந்தால் அவர்கள் ஓடியதை ஓடிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனினும் கடைகளில் முதலில் பேசப்படும் மூன்று அளவுகள், அதாவது மெத்தையின் தடிமன், குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வேறுபாடு, எடை ஆகியவை சாலை ஓட்டத்தின் கேள்விகளிலிருந்து பிறந்தவை. சாலையில் ஒவ்வோர் அடியும் முந்தைய அடியைப் போன்றது. கரடுமுரடான மலைப்பாதையில் காலணி தேறுவதும் தோற்பதும் இறக்கத்தில்தான். அதுவும் கால் களைத்துப்போன பிந்தைய மணிகளில். ஆகவே தேர்வின் வரிசையை மாற்ற வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்: முதலில் அடி ரப்பர், அடுத்துப் பாதத்தைப் பிடித்துவைக்கும் அமைப்பு, பிறகே மெத்தை, கடைசியாக எடை.

புறப்பட்ட இடத்திலேயே முடியும் ஓட்டத்தில் ஏறிய அளவு இறங்கியே தீர வேண்டும். மோன் பிளாங்க் மலைத்தொகுதியைச் சுற்றிப் பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக 2003 முதல் நடந்துவரும் யுடிஎம்பி பந்தயத்தில் ஏற்றம் சுமார் 10,000 மீட்டர், இறக்கமும் அவ்வளவே. செங்குத்தான ஏற்றத்தில் பெரும்பாலோர் நடக்கிறார்கள். வேகம் குறைவு, முன்பாதம் ஊன்றுகிறது, ஓரளவு நல்ல எந்தக் காலணியும் தாக்குப்பிடிக்கும். இறங்கும்போதோ தொடையின் முன்தசைகள் நீண்டுகொண்டே உடலைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. தசையிழைகளை அதிகம் சிதைக்கும் வேலை அது. சில மணி நேரத்தில் அந்தத் தடுப்பு தளர்ந்துவிடுகிறது. வைக்க நினைத்த இடத்தில் கால் விழுவதில்லை. தசை கைவிட்டதைக் காலணி எவ்வளவு தூரம் ஈடுகட்டுகிறது என்பதை அப்போதுதான் அறிய முடியும்.

முதலில் ரப்பர். 1935இல் இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானியுடன் சென்ற குழு ஆல்ப்ஸின் புன்டா ராசிக்கா சிகரத்தில் புயலில் சிக்கியது. ஆறு பேர் இறந்தார்கள். அடிவாரம்வரை நடக்க ஆணியடித்த கனமான பூட்ஸ், பாறையில் ஏற மெல்லிய அடி கொண்ட இலேசான காலணி என்று இரண்டு வைத்துக்கொள்வது அக்கால வழக்கம். பாறைக்கு ஏற்றது பனிக்கும் குளிருக்கும் ஈடுகொடுக்கவில்லை. இரண்டு தரைக்கும் ஒரே அடி வேண்டும் என்று முனைந்த பிரமானி, பிரெல்லி டயர் நிறுவனத்தின் ஆதரவுடன் 1937இல் பல் வைத்த ரப்பர் அடியை உருவாக்கினார். அவர் பெயரைச் சுருக்கியதே விப்ரம். இன்றைய மலையோட்டக் காலணியின் அடி எல்லாம் அதன் வழிவந்ததே. பிரமானி எதிர்கொண்ட சிக்கலும் தீர்ந்துவிடவில்லை.

சேற்றிலும் ஈரப் புல்லிலும் பல் மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கிறது. அதற்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளம் வேண்டும். அப்பிய சேறு உதிர்ந்துவிடப் பற்களுக்கிடையே தாராளமான இடைவெளியும் வேண்டும். ஈரப் பாறையில் பல் எங்கும் இறங்க முடியாது. அங்கே பிடிப்பு வருவது இரண்டு வழியில்: பாறையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் ரப்பர் அமிழ்ந்து, உருமாறி, மீள்வது ஒன்று, நீர்ப்படலம் விலகிய இடங்களில் ரப்பர் நேராக ஒட்டுவது மற்றொன்று. மென்மையான ரப்பர் இரண்டையும் நன்றாகச் செய்கிறது. நீண்டு மெலிந்த பற்களோ பாறைமீது எடை விழுந்ததும் வளைகின்றன. பாறையைத் தொடும் பரப்பும் அவற்றில் குறைவு. படத்தில் முரட்டுத்தனமாகத் தெரியும் காலணி பாசி படிந்த கல்லில் வழுக்குவதற்குக் காரணம் இதுதான். பல்லின் ஆழத்தைப் பார்த்து வாங்குவது மிகப் பரவலான தவறு.

மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காட்டுப் பாதையில் செம்மண் களி, பட்டை உரிந்த வேர், மட்கிய இலை, ஈரக் கல் எல்லாம் ஒரே கிலோமீட்டருக்குள் வந்துபோகும். எனவே ஆழம் 4 முதல் 5 மில்லிமீட்டர் போதும். ரப்பர் மென்மையாக இருக்கட்டும் என்பது என் கருத்து. மென்ரப்பர் சீக்கிரம் தேயும், அடிக்கடி மாற்ற வேண்டும், செலவு கூடும். அந்தச் செலவு நியாயமானது. பற்களின் விளிம்பு மழுங்கிய காலணியை வறண்ட மண்பாதையில் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். மழைக்கால இறக்கத்துக்கு அதை எடுத்துப் போகக் கூடாது.

அடுத்தது பாதத்தைப் பிடித்துவைப்பது. இறக்கத்தில் நடப்பதை அருகிலிருந்து பார்ப்போம். அடி தரையில் நின்றுவிட்டது. உடல் இன்னும் முன்னோக்கிப் போகிறது. பாதம் காலணிக்குள் சில மில்லிமீட்டர் சறுக்கி, பெருவிரல் நகத்தின் நுனி முன்சுவரில் இடிக்கிறது. ஓர் இடியால் ஒன்றும் ஆகாது. அதே இடி ஒரு நீண்ட இறக்கம் முழுக்கத் தொடரும்போது நகத்தின் அடிச்சதை கன்றி, இரத்தம் கட்டி, நகம் கறுத்து, சில வாரங்களில் கழன்று விழுகிறது. இதற்கு ஓடுபவர்கள் வழக்கமாகக் காணும் பரிகாரம் ஓர் அளவு பெரிதாக வாங்குவது. இங்கிலாந்து அளவுமுறையில் ஓர் அளவு என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர். விரலுக்கு முன்னால் அவ்வளவு இடம் வேண்டியதுதான். ஆனால் மேற்பாதத்தை லேஸ் இறுக்கிப் பிடிக்காவிட்டால், பெரிய காலணி செய்வதெல்லாம் பாதம் சறுக்கும் தூரத்தைக் கூட்டுவது மட்டுமே. நகத்தைக் காப்பது முன்னாலுள்ள வெற்றிடமும் நடுப்பாதத்திலுள்ள பிடியும் சேர்ந்துதான். கணுக்காலை ஒட்டியுள்ள கடைசித் துளையில் லேஸை வளையமாக்கி, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் விட்டு இழுத்துக் கட்டினால் குதிகால் பின்கோப்பையில் உட்கார்ந்துவிடும். அப்படிக் கட்டியும் குதிகால் எழும்பினால் அந்தக் காலணி அந்தப் பாதத்துக்கு உரியதில்லை.

சுர்ரோவின் செருப்பை இந்த இடத்தில் மீண்டும் நினைக்க வேண்டும். அதில் இடிப்பதற்கு முன்சுவரே இல்லை. விரலிடுக்கிலும் கணுக்காலிலும் போகும் வார் பாதத்தைப் பலகையோடு பிணைத்துவிடுகிறது. அடியோ டயர் ரப்பர். மெத்தை அறவே இல்லாத அந்தக் காலணி என் வரிசையின் முதல் இரண்டு நிபந்தனைகளையும் தன் வழியில் நிறைவேற்றியிருக்கிறது.

கொப்புளமும் இந்தப் பிடியைப் பொறுத்ததே. எலும்பு நகர, தோல் காலுறையோடு ஒட்டிக்கொண்டு நிற்க, இடையிலுள்ள தோலடுக்கு அறுந்து நீர் கோக்கிறது. ஈரம் கசிந்த தோலில் உராய்வு உலர்ந்த தோலைவிட அதிகம். அதனால்தான் நீர்புகாச் சவ்வு வைத்த காலணியை நெடுந்தொலைவுக்கு நான் ஏற்பதில்லை. ஓடையைக் கடக்கையில் தண்ணீர் மேல்விளிம்பு வழியாக உள்ளே வரத்தான் செய்யும்; சவ்வு அதை வெளியே விடாது. வலைத்துணியில் சில நூறு அடிகளிலேயே பெரும்பகுதி நீர் பிதுங்கி வெளியேறும்.

மெத்தையைப் பற்றிய விவாதம் கடந்த பதினைந்து ஆண்டுகளாக இரு முகாம்களாகப் பிரிந்து கிடக்கிறது. 2010இல் நேச்சர் இதழில் டேனியல் லிபர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றுகிறார்கள், தரையோடு மோதும் முதல் அதிர்ச்சி அதில் குறைகிறது என்று காட்டியது. 2018இல் கூல்மலா குழுவினர், மிகத் தடித்த மெத்தை வேகமான ஓட்டத்தில் காலை விறைப்பாக்கித் தாக்குவிசையைக் கூட்டுகிறது என்று கண்டார்கள். மெல்லடிக் கட்சி இவற்றைப் பிடித்துக்கொண்டது. மறுபக்கம் 2020இல் லக்சம்பர்க்கில் மாலிசூ குழுவினர் எண்ணூறுக்கும் மேற்பட்ட பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களிடம் நடத்திய சோதனையில், கடினமான மெத்தை அணிந்தவர்களுக்கே காயம் அதிகம் ஏற்பட்டது. இந்த முடிவை ஒதுக்க முடியாது. மெத்தை பயனற்றது என்று சொல்வோர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் சொல்வது வேறு. இச்சோதனைகள் எதுவும் உருளும் கல்லின்மீது நடந்தவை அல்ல. கரடுமுரடான தரையில் தடிமனுக்குத் தனி விலை உண்டு: பாதம் தரையிலிருந்து உயர உயர, அடியின் ஓரம் கல்லில் பட்டுச் சாயும்போது கணுக்காலைப் புரட்டும் நெம்புகோல் நீள்கிறது. அகன்ற அடி இதை ஓரளவு ஈடுசெய்கிறது. குறுகலான பாறை இடுக்கில் அந்த அகலமே இடையூறு. இறக்கத்தில் விரைந்து செல்வதற்கென்றே ஹோகாவின் தடித்த அடி உருவாக்கப்பட்டது என்பதும், சீரான இறக்கத்தில் அது அருமையாக வேலை செய்கிறது என்பதும் உண்மை. ஆகவே மெத்தையின் அளவைப் பாதை சொல்ல வேண்டும்: அகன்ற மண்பாதைக்குத் தடிமன், குவிந்து கிடக்கும் கற்களுக்கு நடுத்தரம், கூடவே கூர்ங்கல் குத்தாமல் முன்பாதத்தின் கீழ் ஒரு மெல்லிய தகடு.

எடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒவ்வொரு காலணியிலும் 100 கிராம் கூடினால் உடல் செலவிடும் ஆற்றல் சுமார் ஒரு சதவீதம் கூடுகிறது என்று ஹூக்காமர் குழுவினரின் 2016 ஆய்வு காட்டியது. மைதானப் பந்தயத்தில் அது பெரிது. இருபது மணி நேரம் மலையில் கழிப்பவருக்கு ஒரு வழுக்கல் அதைவிட அதிகம் பறித்துவிடும்.

இதற்கெல்லாம் எதிராக வலுவாக எழக்கூடிய வாதம் கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக் முன்வைத்தது. 2015இல் அவரும் உடனாய்வாளர்களும், ஓடுபவர் தமக்குச் சுகமாகப் படும் காலணியைத் தேர்ந்தாலே காயம் குறையும் என்று கருதினார்கள். இதற்கு இடம் உண்டு. அமெரிக்க இராணுவம், விமானப்படை, கடற்படைக் காலாட்படை ஆகியவற்றில் பயிற்சி பெறுவோருக்குப் பாதவளைவைப் பார்த்துக் காலணி ஒதுக்கிய சோதனைகளில் காயம் குறையவில்லை. வல்லுநர் வகைப்பாடு அங்கே தோற்றது. சுகம் நல்ல வழிகாட்டி என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த நேரத்துச் சுகம்? குளிரூட்டிய கடையில் பளிங்குத் தரையில் பத்தடி நடக்கையில் மென்மையான மெத்தைதான் எப்போதும் வெல்லும். ரப்பரின் பிடியும் மேற்பாதத்தின் பிடியும் அங்கே சோதனைக்கே வருவதில்லை. சுகத்தை அளக்க வேண்டிய இடம் மூன்று, நான்கு மணி நேரம் ஓடிய பின், நனைந்த காலுறையோடு இறங்கும் சரிவு. கடையில் செய்யக்கூடியது குறைவு: ஓடும்போது அணியும் காலுறையோடு மாலையில் போவது, சாய்தளம் இருந்தால் அதில் முகம் கீழாக நின்று விரல் இடிக்கிறதா என்று பார்ப்பது.

இந்திய ஓட்டக்காரருக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு, அது அகலம். 2009இல் டாவூ குழுவினர் தென்னிந்தியாவில் செய்த ஆய்வில், வாழ்நாள் முழுதும் வெறுங்காலில் நடந்தவர்களின் பாதம் அகன்றும், அழுத்தம் பாதமெங்கும் சீராகப் பரவியும் இருந்தது. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021, 2022 ஆண்டுகளில் நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து, இந்தியப் பாதம் ஐரோப்பியப் பாதத்தைவிட அகலம் என்று கண்டது. 'பா' என்ற புதிய அளவுமுறையையும் முன்மொழிந்தது. ஐரோப்பிய அச்சில் வார்த்த காலணியில் நம் சுண்டுவிரல் நசுங்கும்போது, அளவைக் கூட்டி நீளத்தில் இடம் வாங்கிக்கொள்கிறோம். அந்தக் கூடுதல் நீளம் நடுப்பாதப் பிடியைத் தளர்த்துகிறது. இறக்கத்தில் அதற்கு நகம் விலை கொடுக்கிறது. காலணி செய்பவரிடம் முன்பாத அகலம் மில்லிமீட்டரிலும், அடி ரப்பரின் கடினம் ஷோர் அளவிலும் உற்பத்திக் குறிப்பிலேயே இருக்கின்றன. எடையும் உயர வேறுபாடும் விற்பனைக் குறிப்பில் இடம்பெறுவதுபோல் இவ்விரண்டும் பெட்டியின்மீது அச்சாக வேண்டும். 'பா' முறையை நடைமுறைக்குக் கொண்டுவருவோர், அன்றாடச் செருப்பு, பள்ளிக் காலணி ஆகியவற்றோடு நின்றுவிடாமல் மலையோட்டக் காலணிக்கும் அகல வரிசையைக் கட்டாயமாக்க வேண்டும்.