பனிக்கட்டியில் எழுதிய வரலாறு

ஹாக்கி என்றதும் புல்தரையும் தியான் சந்தும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் கனடா நாட்டு மக்களுக்கு ஹாக்கி என்றால் அது பனிக்கட்டியின்மேல் ஆடும் ஆட்டம்தான். 1875-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் மான்ட்ரியால் நகரில், கூரையிட்ட அரங்கு ஒன்றில், அணிக்கு ஒன்பது பேராக ஆடிய ஆட்டத்தையே இன்றைய ஐஸ் ஹாக்கியின் தொடக்கமாகக் கொள்வர். பந்து எகிறிப் பார்வையாளர்மேல் பட்டுவிடாதிருக்க அன்று மரத்தாலான தட்டை வட்டைப் பயன்படுத்தினர். இன்று 'பக்' எனப்படும் ரப்பர் வட்டு அதன் இடத்தில் இருக்கிறது.

இந்த ஆட்டத்தின் களத்துக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. தன்மேல் நடந்த எதையும் அது வைத்துக்கொள்வதில்லை. இடைவேளை தோறும் ஓர் ஊர்தி வந்து பனிக்கட்டியின் மேற்பரப்பைச் சீவி, அதன்மேல் வெந்நீரைப் பரப்பிச் செல்கிறது. வெந்நீர் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். சூடான நீரில் கரைந்துள்ள காற்று குறைவு. அது பழைய பனிக்கட்டியின் மேற்புறத்தைச் சிறிது உருக்கி, அதனோடு ஒன்றி உறைகிறது. சில நிமிடங்களில் சறுக்குக் காலணிகளின் கீறல்கள் யாவும் மறைந்துவிடும். அப்படியானால் ஒரு மாபெரும் போட்டியின் சான்றுகளை எங்கே தேடுவது? 1972-ஆம் ஆண்டு கனடாவும் சோவியத் யூனியனும் மோதிய எட்டு ஆட்டங்களை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

இரு நாடுகள், இரு ஆட்டமுறைகள்

சோவியத் நாட்டில் ஐஸ் ஹாக்கிக்கான தேசியப் போட்டி 1946-இல்தான் தொடங்கியது. ஆயினும் 1963 முதல் 1971 வரை தொடர்ந்து ஒன்பது முறை அந்நாடு உலகப் பட்டத்தை வென்றது. கனடியர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தங்கள் சிறந்த வீரர்கள் சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்பதால் உலகப் போட்டிகளில் அவர்களுக்கு இடமில்லை. சோவியத் வீரர்களோ பெயரளவில் இராணுவத்தினர், ஆண்டு முழுவதும் செய்வது ஹாக்கிப் பயிற்சியே என்பது அவர்கள் வாதம். இதன் காரணமாகக் கனடா 1970-இல் உலகப் போட்டிகளிலிருந்தே விலகிக்கொண்டது.

களத்தின் அளவிலும் வேறுபாடு இருந்தது. வட அமெரிக்கக் களத்தின் அகலம் சுமார் 26 மீட்டர். ஐரோப்பாவில் 30 மீட்டர். குறுகிய களத்தில் உடலோடு உடல் மோதும் ஆட்டம் வளர்ந்தது. அகன்ற களத்தில் வட்டைக் கைமாற்றிக்கொண்டே சென்று வழி திறக்கும் ஆட்டம் வளர்ந்தது. இவற்றுள் எது மேலானது என்பதே 1972-இல் எழுந்த கேள்வி.

எட்டு ஆட்டங்கள்

எட்டிலும் கனடாவே வெல்லும் என்று எழுதிய கனடியப் பத்திரிகையாளர் ஒருவர், ஓர் ஆட்டத்தில் தோற்றாலும் தம் கட்டுரைத் தாளைப் பீட்ரூட் சூப்பில் போட்டுத் தின்பதாகச் சூளுரைத்தார். செப்டம்பர் 2-ஆம் நாள் மான்ட்ரியாலில் முதல் ஆட்டம். சோவியத் அணி 7-3 என வென்றது. அவர் சொன்னபடியே தின்றார்!

கனடாவில் நடந்த நான்கு ஆட்டங்களில் கனடா வென்றது ஒன்றுதான், ஒன்று சமன். நான்காம் ஆட்டத்தின்போது வான்கூவர் ரசிகர்கள் தங்கள் அணியையே கூச்சலிட்டு இகழ்ந்தனர். பில் எஸ்போசிட்டோ என்னும் வீரர் தொலைக்காட்சியில் தம் மனவருத்தத்தை வெளிப்படையாகவே கூறினார். ஆயினும் சுமார் 3,000 கனடிய ரசிகர்கள் மாஸ்கோவுக்குப் பயணமாயினர்.

மாஸ்கோவில் முதல் ஆட்டமும் சோவியத் பக்கமே சென்றது. பின்னர் நிலைமை மாறியது. கடைசி ஆட்டம் செப்டம்பர் 28-இல். கனடாவின் பள்ளிகளில் பாடம் நிறுத்தப்பட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் கொண்டுவரப்பட்டன. 3-5 எனப் பின்தங்கியிருந்த கனடா, 5-5 என்று சமன் செய்தது. ஆட்டம் முடிய 34 நொடிகள் இருக்கையில் பால் ஹெண்டர்சன் ஆறாவது கோலை அடித்தார். கனடாவுக்கு நான்கு வெற்றிகள், சோவியத்துக்கு மூன்று.

இப்போது ஒரு சிறு கணக்கு. எட்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டிப் பாருங்கள். கனடா 31, சோவியத் யூனியன் 32! ஒரே போட்டி, எண்ணும் முறையைப் பொறுத்து இரு விடைகள்.

எதைக் காப்பது?

டொரன்டோ நகரில் 1885-இல் கட்டிய ஒரு வங்கிக் கட்டடத்தில் 1993 முதல் ஹாக்கிக்கான அருங்காட்சியகம் இயங்குகிறது. 1892-இல் ஸ்டான்லி பிரபு வழங்கிய வெள்ளிக் கிண்ணம் அங்கே பழைய வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது. உலோகம் நலிந்து எளிதில் உடையும் நிலை ஏற்பட்டதால், வெற்றி பெறும் அணிக்கு வேறொரு கிண்ணமே இப்போது கொடுக்கப்படுகிறது.

பொருள்களைக் காப்பதும் ஓர் அறிவியலே. ஆட்டத்துக்குமுன் பக்கைக் குளிரூட்டி உறையவைப்பார்கள். குளிரில் ரப்பரின் மீள்திறன் குறைவதால் அது துள்ளாது. காட்சிப் பெட்டியில் அதற்கு வேறு பகை உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை வெடிக்கச் செய்யும். ஒளி பட்டால் ஆடையின் சாயம் வெளுக்கும். ஆதலால் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியே போதும் என்பர். மரமட்டை ஈரம் ஏறி இறங்கினால் வளைந்துவிடும். பழைய காந்த நாடாவின் பசை ஈரத்தால் சிதையும். இவ்வளவு தொல்லையையும் மக்கள் விரும்பியே ஏற்கின்றனர். கடைசி ஆட்டத்தில் ஹெண்டர்சன் அணிந்த சட்டையை 2010-இல் ஒரு கனடியர் ஏலத்தில் 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கித் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் சட்டையைக் காத்தால் மட்டும் வரலாற்றைக் காத்ததாகிவிடுமா? ஆறாம் ஆட்டத்தில் கனடாவின் பாபி கிளார்க், சோவியத்தின் தலைசிறந்த வீரர் வலேரி கார்லமோவின் கணுக்காலில் மட்டையால் ஓங்கி அடித்தார். கார்லமோவ் அடுத்த ஆட்டத்தில் ஆடவில்லை. அவ்வாறு செய்யத் தூண்டியவர் தாமே என்று கனடாவின் துணைப் பயிற்சியாளர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். 34 நொடிகளைப் போற்றுகிறவர்கள் இந்த அடியையும் ஏட்டில் வைத்திருக்க வேண்டும். வெற்றியை மட்டும் சேர்த்து வைப்பது, பிடித்த அளவீடுகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடும் ஆய்வாளனின் குறிப்பேட்டைப் போன்றதாகும்.

டொரன்டோவினர் இதை ஓரளவு உணர்ந்திருக்கின்றனர் எனலாம். ஹெண்டர்சனின் கோலைத் தடுக்க முயன்று கீழே விழுந்த இருபது வயது கோல்காப்பாளர் விளாடிஸ்லாவ் டிரெட்டியாக்கின் பெயர் 1989-இல் அந்நிறுவனத்தின் சிறப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சோவியத் வீரர் ஒருவருக்கு அங்கே அவ்விடம் கிடைத்தது அதுவே முதல் முறை. 1981-இல் கார் விபத்தில் மறைந்த கார்லமோவுக்கும் 2005-இல் அதே இடம் கிடைத்தது. இதற்கிடையில் 1991-இல் சோவியத் யூனியன் என்ற நாடே மறைந்துவிட்டது. அந்த அணியின் நினைவு, அதன் எதிரணியாக இருந்த நாட்டிலும் இன்று காக்கப்பட்டு வருகிறது. 31-ஐ மட்டும் எழுதி 32-ஐ விட்டுவிட்டால், 31-க்கும் பொருள் இல்லை அல்லவா?