ஹோம்ஸ்டெட் ஆற்றங்கரை சொல்லும் சரித்திரம்

ஆலைகள் மறைந்துபோன நிலங்களில் இன்று துவிச்சக்கர வண்டிப் பாதைகள் தோன்றியுள்ளன. அப்பாதைகளில் 'ஜியோகேஷிங்' என்னும் புதையல் விளையாட்டும் பரவியுள்ளது. செய்மதி தரும் ஆள்கூறுகளின் துணைகொண்டு, பிறர் ஒளித்து வைத்த சிறு பெட்டியைத் தேடிக் கண்டுபிடிப்பதே இவ்விளையாட்டு. செய்மதிக் குறிகளின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வந்த ஏற்பாட்டை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசு கைவிட்டது. அதையடுத்து ஒறிகன் மாநிலத்தில் இது பிறந்தது. பெட்டியை வைப்போர் பலர் அவ்விடத்தின் வரலாற்றையும் சுருக்கமாக எழுதி வைப்பதுண்டு. எனவே, பொழுதுபோக்குக்காக வருபவரும் தம்மையறியாது சரித்திரத்தை எதிர்கொள்கின்றனர்.

அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் நகரிலிருந்து கம்பர்லாந்து வரை 150 மைல் நீளும் பாதையொன்று 2013இல் நிறைவுற்றது. மொனொங்ககீலா ஆற்றை ஒட்டி, ஹோம்ஸ்டெட் என்னும் சிற்றூரின் வழியே அது செல்கிறது. அங்கு நாம் காண்பவை யாவை? கடைத்தொகுதிகள், ஒரு திரையரங்கு, வரிசையாக நிற்கும் பன்னிரண்டு புகைபோக்கிகள், சற்று அப்பால் செங்கல்லாலான பழைய நீரேற்று நிலையம். 1986இல் மூடப்பட்ட மாபெரும் உருக்காலையின் எச்சங்கள் இவையே.

அந்நீரேற்று நிலையத்தின் அருகே 1892 யூலை 6ஆந் திகதி விடியற்காலையில் நிகழ்ந்ததை நாம் அறிதல் வேண்டும். ஆலையின் அதிபர் அன்ட்ரூ கார்னெகி. தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையை 1886இல் எழுத்தில் ஆதரித்தவர் அவர். ஆயினும் 1892இல் அவர் ஸ்கொட்லாந்துக்குச் சென்றுவிட, ஆலையை நடத்திய ஹென்றி பிரிக் ஊதியத்தைக் குறைக்க முற்பட்டார்; சங்கம் மறுத்ததும் கதவடைப்புச் செய்தார். ஆலையைச் சுற்றி முள்வேலி எழுந்தது. தொழிலாளர் அதனைப் 'பிரிக் கோட்டை' என்றனர்.

சுமார் 3,800 தொழிலாளருள் சங்க உறுப்பினர் ஏறத்தாழ 800 பேரே. அவர்கள் கைதேர்ந்த வினைஞர். எனினும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த சாதாரணக் கூலிகளும் அவர்களோடு அணிசேர்ந்தனர். இந்த ஒற்றுமையே அப்போராட்டத்தின் உயிர்நாடி எனலாம். பிங்கர்ட்டன் நிறுவனத்தின் 300 ஆயுதபாணிகள் இரு தோணிகளில் வந்திறங்க முயன்றபோது, ஊர் முழுவதும் ஆற்றங்கரையில் திரண்டது. பகல் முழுவதும் நீடித்த மோதலில் ஏழு தொழிலாளரும் மூன்று கூலிப்படையினரும் மாண்டனர். மாலையிற் கூலிப்படை சரணடைந்தது.

ஆனால் அரசு யாருடைய பக்கம் நின்றது? ஆறு நாட்களுள் 8,500 மாநிலப் படையினர் ஊரைக் கைப்பற்றினர். அவர்களின் காவலில் ஆலை மீண்டும் இயங்கியது. நவம்பரிற் போராட்டம் முறிந்தது. பன்னிரண்டு மணிநேர வேலைநாள் உருக்குத் தொழிலில் வேரூன்றியது. 1901இல் கார்னெகி தமது நிறுவனத்தை 48 கோடி டொலருக்கு விற்றார். அதனை உள்ளடக்கி உருவான பெருநிறுவனம் தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொண்டது 1937இலேதான்.

அதற்கிடையில், 1898இல், கார்னெகியின் கொடையாக ஹோம்ஸ்டெட் தொழிலாளருக்கென நூலகமொன்று திறக்கப்பட்டது. அது இன்றும் கம்பீரமாக நிற்கிறது. பன்னிரண்டு மணிநேரம் உலையருகே வெந்த மனிதனுக்கு நூலைப் புரட்ட நேரம் ஏது? கொடையாளியின் பெயர் நூலக வாயிலில் நிலைத்தது. நூலைப் படிக்கும் ஓய்வுக்காகவும் போராடியோரின் பெயர்கள் மறைந்தன.

நண்பர்களே, சரித்திரம் தானாக மறைவதில்லை. நிலத்தை உடைமையாகக் கொண்டோர் எதனை இடிப்பது, எதனை அழகுப் பொருளாக விட்டுவைப்பது என்று தீர்மானிக்கின்றனர். தொழிலாளர் நினைவைப் போற்றுவோர் அந்நீரேற்று நிலையத்திற் கூட்டங்கள் நடத்தி வந்திருப்பது இதற்கு எதிரான முயற்சியாகும். செய்மதி நமக்கு இடத்தைக் காட்டும். அவ்விடத்தில் யார், யாருக்காக, எதற்காக நின்றனர் என்பதைச் சொல்ல மனிதர் வேண்டும். மாணவரோடு பழைய ஆலைச் சுவரொன்றைக் கடக்கும்போது, அதைக் கட்டுவித்தவன் பெயரோடு அதனுள் உழைத்தவன் பெயரையும் நாம் கேட்போமாக.