கிள்ளான் சதுப்பும் ஒரு மருத்துவரின் கணக்கும்

வெளிநாட்டு உதவியால் நடைபெறும் திட்டமொன்று மக்களுக்குப் பயன் தந்ததா என்பதை அறிய, அது சென்றடைந்த ஊரைச் சென்றடையாத ஊரோடு ஒப்பிடுவது இன்றைய வழக்கம். ஊர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் வழியை வளர்த்த பானர்ஜி, டுஃப்லோ, கிரெமர் ஆகிய மூவருக்கும் 2019இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒப்பீட்டின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் பழங்கணக்கு ஒன்று நம் கிள்ளானிலேயே இருக்கிறது. அஃது உதவித் திட்டமன்று. குடியேற்ற அரசு தன் துறைமுகத்தைக் காக்கச் செய்த பணி.

1901இல் மால்கம் வாட்சன் மாவட்ட மருத்துவராகக் கிள்ளானுக்கு வந்தார். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டறிந்து நான்காண்டுகளே ஆகியிருந்தன. அவ்வாண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று எண்ணுமளவுக்குக் காய்ச்சல் பரவியது. வாட்சனின் யோசனைப்படி காடு வெட்டப்பட்டது. சதுப்பு நீர் வடிக்கப்பட்டது.

கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் 1901இல் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர், மறு ஆண்டு 59, 1905இல் 45. இவ்வளவோடு நின்றிருந்தால், நோய் தானாகத் தணிந்திருக்கலாம் என்று எவரும் வாதிட முடியும். வாட்சனோ, பணி நடவாத மாவட்டத்தின் பிற பகுதிகளையும் எண்ணினார். அங்கே 1901இல் 266, 1905இல் 351. அந்த இரண்டாம் வரிசையே முதல் வரிசைக்குச் சான்று. ஆயினும் அவ்வாண்டுகளில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகி, தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தனர். ஆதலின் 351 என்னும் உயர்வு முழுவதையும் நோயின் பெருக்கமாகக் கொள்ளலாகாது. மக்கள்தொகை தெரியாத இறப்பெண்ணைப் பார்த்து நம் மாணவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி இது.

பெரிய தடை பின்னரே தெரிந்தது. கடலோரத் தாழ்நிலத்தில் நோயைப் பரப்பிய கொசு, காட்டு நிழலிலுள்ள தேங்குநீரில் வளர்வது. காட்டை வெட்டியதும் அது ஒழிந்தது. அம்பாங்கைச் சூழ்ந்தவை போன்ற குன்றுப் பகுதிகளிலோ வேறொரு கொசு. வெயில் படும் தெளிந்த ஓடைகளில் வளர்வது. அங்கே காட்டை வெட்டித் தோட்டம் போட்டபோது காய்ச்சல் மிகுந்தது. கிள்ளான் கணக்கு பொய்யன்று. அது கிள்ளானுக்கு உரிய கணக்கு. காரணத்தை வாட்சன் ஆராய்ந்து கண்டதால், மலைத்தோட்டங்களில் நிலத்தடி வடிகாலும் ஓடைகளில் எண்ணெய்த் தெளிப்பும் வந்தன.

அதற்கிடையே அக்குன்றுத் தோட்டங்களில் மாண்ட தொழிலாளருள் நம்மவர் பலர். அவர்கள் பெற்ற கூலியும் பட்ட கடனும் உண்ட உணவும் எத்தகையன என்பதற்கு அவ்வட்டவணையில் நிரலே இல்லை.