பழைய கோப்பா, புதுக் கோப்பா?

என் பெரியண்ணனுக்கு 1988-இல் கன்னத்தின் உட்புறம் புற்றுநோய் வந்து அறுவை செய்தார்கள். வெற்றிலை, புகையிலை நாற்பது வருடப் பழக்கம். எப்படியோ பிழைத்துக்கொண்டார். 1997-இல் சோறு இறங்கவில்லை என்றார். பார்த்தால் உணவுக்குழாயில் புற்று. "பழசு பரவிடுச்சி, இனி வைத்தியம் எதுக்கு?" என்று உயில் எழுத உட்கார்ந்துவிட்டார். வீட்டில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

மருத்துவர் மறுத்தார். வாய்ப்புற்று பரவினால் பெரும்பாலும் முதலில் கழுத்து நெறிகளுக்குத்தான் போகுமாம். கழுத்து சுத்தமாக இருந்தது. ஒன்பது வருடமும் ஆகிவிட்டது. "இது பழசு பரவினது இல்லீங்க. தனியா முளைச்ச புதுசு" என்றார்.

நான் குமாஸ்தா. ஒரு தபால் வந்தால் பழைய கோப்பில் சேர்ப்பதா, புதுக் கோப்பு திறப்பதா என்பதுதான் எங்களுக்கு முதல் கேள்வி. மருத்துவர்களும் அதே கேள்வியோடு வெகுகாலம் மல்லாடியிருக்கிறார்கள் என்பது ஓய்வுபெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்தது.

தொடக்கத்தில் இதற்கு விதி போட்டவர் வியன்னாவின் அறுவை மருத்துவப் பேராசிரியர் தியோடர் பில்ரோத். 1881-இல் இரைப்பைப் புற்றை வெற்றிகரமாக வெட்டியெடுத்தவர். இசைமேதை பிராம்ஸின் நண்பர். ஒருவருக்கு இரண்டு தனிப் புற்று என்று சொல்ல அவர் மூன்று நிபந்தனைகள் வைத்தார். இரண்டும் வெவ்வேறு உறுப்பில் தோன்ற வேண்டும். செல் வகை வேறாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பரவியிருக்கவும் வேண்டும். (பரவுவதைப் பள்ளியில் 'மெத்தஸ்தாஸ்' என்று படித்தோம், இன்றும் எனக்கு அதுதான் வாயில் வரும்.) மூன்றாவது நிபந்தனையைப் பாருங்கள். அதை நிரூபிப்பதற்குள் நோயாளி போய்ச் சேர்ந்துவிடுவார்!

1932-இல் அமெரிக்காவில் ஷீல்ட்ஸ் வாரன், ஆலிவ் கேட்ஸ் என்ற இருவர் விதியைத் தளர்த்தினார்கள். இரண்டும் புற்றுதான் என்று உறுதியாக வேண்டும், தனித்தனியாக இருக்க வேண்டும், ஒன்று மற்றொன்றின் பரவல் அல்ல என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான். செல் ஒரே வகையாக இருந்தாலும் பாதகமில்லை. அண்ணனுக்கு வந்த இரண்டும் ஒரே வகைச் செல்தான். பில்ரோத் கணக்கில் அவருக்குப் புதுக் கோப்பு கிடைத்திருக்காது.

ஒரே ஆளுக்கு ஏன் இரண்டு முறை? 1953-இல் சிகாகோவின் டேன்லி ஸ்லாட்டரும் கூட்டாளிகளும் வாய்ப்புற்று கண்ட 783 பேரை ஆராய்ந்து எழுதினார்கள். கட்டியைச் சுற்றிப் பார்வைக்கு நன்றாக இருந்த சதையிலும் செல்கள் கெட்டிருந்தன. ஒரு செடியைப் பிடுங்கினாலும் நிலம் முழுக்க விதை கிடக்கிற மாதிரி. புகையிலைச் சாறு வாயோடு நிற்பதில்லை, தொண்டை வழியாக உள்ளேயும் இறங்குகிறதே.

அண்ணன் கதிர்வீச்சுக்குச் சம்மதித்தார். 1988-க்குப் பிறகும் அவர் புகையிலைப் பொட்டலத்தை வேட்டி மடிப்பில் ஒளித்து வைத்திருந்ததை அண்ணி அப்போதுதான் எங்களிடம் சொன்னார். பாதியில் நின்ற உயிலை அண்ணன் 2001-இல்தான் எழுதி முடித்தார். அடுத்த வருடம் மாரடைப்பில் போனார்.