கோஷா ஆஸ்பத்திரியும் நம் பெண்மக்களின் நாணமும்

 



மதரஸாவில் ஓதி முடித்து ஸனது பெற்ற புதிதில், ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நாம் இமாமாகப் பணியாற்றி வந்தோம். ஒரு நாள் ஸுப்ஹுக்கு வெகு நேரம் முன்னதாக இளைஞர் ஒருவர் நம் அறைக் கதவைத் தட்டினார். அவருடைய மனைவிக்குப் பிரசவ வேதனை கண்டிருந்தது. அவ்வூர் மருத்துவமனையில் அன்றிரவு இருந்தவர் ஆண் மருத்துவர். "ஹஜ்ரத், அவரிடம் காட்டலாமா? வீட்டில் பெரியவர்கள் தயங்குகிறார்கள்" என்று கேட்டார். கிதாபுகளில் நாம் ஓதிய வரிசைப்படி, "முதலில் பெண் மருத்துவரைத் தேடுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். பெண் மருத்துவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்று கேட்கவில்லை. தாயின் நிலை என்ன என்றும் கேட்கவில்லை. அவர்கள் வாகனம் தேடிப் பிடித்து அடுத்த நகரத்துக்குப் போனார்கள். தாய் பிழைத்தார், குழந்தை பிழைக்கவில்லை. அந்த இளைஞர் நம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. தக்தீர் என்று சொல்லிப் பொறுமை கொண்டார். ஆயினும் நாம் கேட்காமல் விட்ட அவ்விரு கேள்விகளும் இன்றளவும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

பெண்களின் அந்தரங்க நோய்களுக்கு ஆண் மருத்துவரிடம் செல்லலாமா என்னும் இக்கேள்வி நேற்று முளைத்ததன்று. நம் தமிழகத்திலேயே இதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதை அறிந்துகொண்டால் நம் கடமை எதுவென்பது தெளிவாகும் என்பதால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கோஷா என்னும் சொல்

சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி அரசு மகளிர் மருத்துவமனையை நம் பெரியவர்கள் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே அழைப்பர். 'கோஷா' என்பது பார்சி மொழியில் மூலை, ஒதுக்கிடம் என்று பொருள்படும். அந்நிய ஆடவர் பார்வையில் படாமல் வீட்டினுள் இருந்த பெண்களைக் 'கோஷாப் பெண்கள்' என்றனர். 1885-ல் தொடங்கப்பட்டபோது அம்மருத்துவமனையின் பெயர் 'சாதி மற்றும் கோஷாப் பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனை' என்பதாகும். அந்தப் பெயரிலேயே ஓர் உண்மை அடங்கியுள்ளது. ஆண் மருத்துவரிடம் செல்ல மறுத்தவர்கள் முஸ்லிம் பெண்கள் மட்டுமல்லர். உயர்சாதி இந்துக் குடும்பங்களின் பெண்களும் அவ்வாறே மறுத்தனர்.

அக்காலத்தில் வசதி படைத்த இல்லங்களுக்கு மருத்துவர் வரவழைக்கப்பட்டால், திரைக்கு அப்பாலிருந்து ஒரு கை மட்டும் நீட்டப்படும். அவர் நாடி பார்ப்பார். நோயின் குறிகளைப் பணிப்பெண்ணோ கணவரோ எடுத்துச் சொல்வார்கள். காய்ச்சலுக்கு இது ஒருவாறு போதுமாயிருக்கலாம். கருப்பை நோய்க்கும், குறுக்காகக் கிடக்கும் சிசுவுக்கும் இது எப்படிப் போதும்? ஏழை வீடுகளிலோ மருத்துவச்சியின் கைப்பழக்கமே எல்லாமாக இருந்தது. அந்தக் கைக்கு மீறிய சிக்கல் வந்தபோது மரணமே எஞ்சியது.

நாணம் எந்நாட்டவர்க்கும் பொது

இது கீழை நாட்டு அறியாமை என்று சிலர் எழுதிவைத்தனர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. மருத்துவர் கழுத்தில் இன்று நாம் காணும் ஸ்டெதாஸ்கோப் பிறந்ததே இந்த நாணத்தினால்தான். 1816-ல் பாரிஸ் நகரில் லேனெக் என்னும் மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் மார்பில் நேரே காதை வைத்துக் கேட்கக் கூசி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். அதிலிருந்தே அக்கருவி உருவாயிற்று. அமெரிக்காவில் 1849-ல் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்மணி எலிசபெத் பிளாக்வெல், தாம் அத்துறையை நாடியதற்கு ஒரு காரணம் கூறியுள்ளார். மரணப்படுக்கையில் இருந்த தோழி ஒருத்தி, தனக்குச் சிகிச்சை செய்தவர் பெண்ணாக இருந்திருந்தால் தன் துன்பத்தின் பெரும்பகுதி குறைந்திருக்கும் என்று அவரிடம் வருந்தினாராம்.

ஆகவே, நாணம் நோயன்று. அது அல்லாஹ் மனித இயல்பில் வைத்த பண்பு. குறை எங்கே இருந்ததென்றால், அந்த நாணத்துக்கு ஈடு கொடுக்கும் பெண் மருத்துவர்கள் இல்லாமையில் இருந்தது.

மதராஸ் திறந்த வாயில்

மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1866-ல் வழக்கறிஞரான தம் கணவருடன் மதராஸ் வந்தார். கணவரின் அலுவல்களில் உதவி வந்தபோது, இந்நாட்டுப் பெண்கள் பிரசவத்தில் தக்க உதவியின்றி மடிவதைக் கேள்வியுற்றார். தாமே மருத்துவம் கற்பதென்று துணிந்தார். 1875-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரி அவரையும் வேறு மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அக்காலத்தில் இங்கிலாந்திலேயே பெண்கள் மருத்துவம் பயில்வது அரும்பாடாக இருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவ்வாயில் திறக்கத் துணை நின்றவர் மருத்துவத் துறைத் தலைவராயிருந்த எட்வர்ட் பால்ஃபர். 1850-ல் மதராஸில் முஹம்மதன் பொது நூலகம் அமைவதற்குக் காரணமாயிருந்தவரும் இவரே. நம் சமுதாயத்தாரோடு நெருங்கிப் பழகிய ஒருவர் இதற்கும் துணை நின்றது கருதத்தக்கது.

ஷார்லீப் 1878-ல் இங்கே தேறினார். பின் இலண்டன் சென்று 1882-ல் அப்பல்கலைக்கழகப் பட்டமும் பெற்றார். விக்டோரியா அரசியைச் சந்தித்து இந்தியப் பெண்களின் நிலையை எடுத்துரைத்தார். 1883-ல் மதராஸ் திரும்பிய அவருடைய முயற்சியால்தான் கோஷா மருத்துவமனை எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் சிறிதாகத் தொடங்கிய அது, வெங்கடகிரி அரசரின் நன்கொடையைக் கொண்டு 1890-ல் சேப்பாக்கத்தில் சொந்தக் கட்டடம் பெற்றது. உடல்நலம் குன்றிய ஷார்லீப் 1887-லேயே தாயகம் திரும்ப நேர்ந்தது. அவர் நட்ட மரம் மட்டும் நிலைத்து நின்றது.

வடநாட்டிலும் இவ்வாறே நடந்தது. 1870-ல் பரேலிக்கு வந்த பெண் மருத்துவர் கிளாரா ஸ்வைனின் மருத்துவமனைக்கென நிலம் கேட்டபோது, ராம்பூர் நவாப் அதை விலைக்குத் தராமல் நன்கொடையாகவே அளித்தார். 1885-ல் வைஸ்ராயின் துணைவியார் டஃபரின் சீமாட்டி, இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவ உதவி அளிப்பதற்கென்றே ஒரு நிதியம் தொடங்கினார். திரைக்குப் பின்னிருந்த பெண்களின் மறுப்பே ஒரு கோரிக்கையாகி, கல்லூரிகளையும் மருத்துவமனைகளையும் எழுப்பிற்று எனலாம்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

ஆனால் அந்த மறுப்பு உயிர்களைப் பலி கொண்டதும் உண்மை. அதை மறைப்பது நேர்மையாகாது.

1890-களில் திண்டிவனத்தில் ஜான் ஸ்கடர் என்னும் அமெரிக்க மிஷனரி மருத்துவர் இருந்தார். அவருடைய மகள் ஐடா, 1870-ல் இராணிப்பேட்டையில் பிறந்தவர்; அமெரிக்காவில் படிப்பை முடித்து, நோயுற்ற தாயைக் கவனிக்க வந்திருந்தார். ஓர் இரவு ஒரு பிராமணர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தம் இளம் மனைவிக்கு உதவுமாறு ஐடாவை வேண்டினார். தாம் மருத்துவர் அல்லர், தம் தந்தையே மருத்துவர் என்று அப்பெண் கூற, ஆண் மருத்துவர் வேண்டாமென்று அவர் திரும்பினார். அடுத்து வந்தவர் ஒரு முஸ்லிம். அதே வேண்டுகோள், அதே பதில். அந்நிய ஆடவர் தம் மனைவியின் முகத்தைப் பார்ப்பதற்கு அவர் உடன்படவில்லை. மூன்றாவதாக மற்றோர் இந்து வந்தார். அவரும் அவ்வாறே திரும்பிப் போனார். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது.

அந்த இரவு ஐடாவின் வாழ்க்கையை மாற்றிற்று. அமெரிக்கா சென்று 1899-ல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-ல் திரும்பி வந்தார். 1902-ல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனையையும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். 1947-ல்தான் அங்கே ஆண் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். இதற்கிடையில் 1912-ல் புதுக்கோட்டையைச் சேர்ந்த முத்துலட்சுமி அம்மையார் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் தேறி, நம் தமிழ்ப் பெண்களுக்கு வழி திறந்தார்.

திண்டிவனத்துச் சம்பவத்தைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. அந்த முஸ்லிம் கணவருக்கு மார்க்கச் சட்டத்தை எடுத்துச் சொல்ல அருகில் ஓர் ஆலிம் இருந்தாரா? இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? நாம் முன்னர்ச் சொன்னதைப் போலச் சொல்லியிருப்பாரா?

முன்னோர் காட்டிய வழி

நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே பெண்கள் மருத்துவப் பணி புரிந்தனர். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்குச் சிகிச்சை செய்தவர் ருஃபைதா (ரலி) அம்மையார். அவருடைய கூடாரம் பள்ளிவாசலிலேயே அமைந்திருந்தது. அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் இரத்தம் குத்தி எடுக்க அனுமதி கேட்டபோது, அபூதைபா என்பவரை நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். அவர் பால்குடிச் சகோதரர் அல்லது பருவமடையாத சிறுவர் என்று அறிவிப்பாளர் கருதுவதாக முஸ்லிம் ஷரீஃபில் காண்கிறோம். சிகிச்சையும் தடைபடவில்லை, கண்ணியமும் குறையவில்லை.

கி.பி. 1013 வாக்கில் மறைந்த குர்துபா நகரத்து மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவீ, தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் பெண்களுக்குக் கல்லடைப்பு அறுவை செய்வது பற்றி எழுதுகையில், பத்தினிப் பெண்கள் ஆண் மருத்துவர் முன் உடலைத் திறக்க நாணுவதை ஒரு சிரமமாகவே குறிப்பிடுகிறார். அதற்காக நோயாளியைக் கைவிடச் சொல்லவில்லை. தேர்ந்த பெண் மருத்துவரைத் தேடவும், கிடைக்காவிடில் அனுபவமுள்ள மருத்துவச்சியை உடன் வைத்து, மருத்துவர் சொல்லச் சொல்ல அவள் கையால் செய்விக்கவும் வழி கூறுகிறார். அபூபக்ர் இப்னு ஸுஹ்ர் என்னும் அந்தலுஸிய மருத்துவரின் சகோதரியும் அவர் மகளும் கலீஃபா அல்மன்ஸூரின் அரண்மனைப் பெண்களுக்கு மருத்துவம் பார்த்தனர். நம் முன்னோர் பெண்களுக்குக் கல்வி கொடுத்தே இச்சிக்கலை அவிழ்த்தனர் என்பது இதனால் விளங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிகிச்சைக்குத் தேவைப்படும் அளவில் மருத்துவர் பார்ப்பதையும் தொடுவதையும் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகள் இரண்டும் அனுமதிக்கின்றன. 1993-ல் புரூனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, இதனை வரிசைப்படுத்தித் தீர்மானம் செய்தது. முதலில் முஸ்லிம் பெண் மருத்துவர். இல்லையேல் நம்பிக்கைக்குரிய பிற சமயப் பெண் மருத்துவர். அவரும் இல்லையேல் முஸ்லிம் ஆண் மருத்துவர். அவரும் இல்லையேல் பிற சமய ஆண் மருத்துவர். தேவையான இடத்தை மட்டுமே பார்க்க வேண்டும்; தனிமை நேராதபடி மஹ்ரமோ கணவரோ நம்பிக்கையான பெண்ணோ உடன் இருக்க வேண்டும்.

இவ்வரிசையைத்தான் அன்று நாமும் அறிந்திருந்தோம். அதில் வரும் 'இல்லையேல்' என்னும் சொல்லின் கனத்தை மட்டும் அறியாதிருந்தோம். ஐம்பது கல் தொலைவில் ஒரு பெண் மருத்துவர் இருப்பது, இரத்தம் பெருகும் தாய்க்கு 'இருக்கிறார்' என்று ஆகாது. அந்த நேரத்தில், அந்த இடத்தில் கிடைப்பவரே மருத்துவர். அந்நிலையில் ஆண் மருத்துவரிடம் செல்வது பாவமாகாது என்பது மட்டுமன்று. உயிர் காக்கும் பொருட்டு அதுவே கடமையாகவும் ஆகும்.

நம் மஹல்லாவின் கடமை

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று இஹ்யாவில் குறித்தார்கள். தம் காலத்து ஊர்கள் பலவற்றில் முஸ்லிம் மருத்துவரே இல்லாதிருக்க, எல்லோரும் ஃபிக்ஹு கற்பதற்கே முண்டியடிக்கின்றனரே என்று வருந்தினார்கள். ஃபர்ளு கிஃபாயாவை எவருமே நிறைவேற்றாவிடில் பாவம் ஊர் முழுவதையும் சேரும். பெண் மருத்துவரே வேண்டுமென்று கேட்கும் நாம், நம் மகளை மருத்துவம் படிக்க அனுப்பத் தயங்கினால், அந்தக் கேள்வியில் நியாயம் ஏது?

இன்று பெண் மருத்துவர்கள் பெருகியுள்ளனர், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் நள்ளிரவில் மயக்க மருந்து கொடுக்க வருபவர் ஆணாக இருக்கலாம். அறுவை செய்பவரும் ஆணாக இருக்கலாம். பெண் மருத்துவர் அருகில் இருந்தும் மார்பகக் கட்டியையும், கருப்பைவாய் நோயையும் கணவரிடம்கூடச் சொல்லாமல் மறைத்து, முற்றிய பின் வெளிப்படுத்தும் சகோதரிகளும் இருக்கின்றனர். இது ஹயா ஆகாது. அமானிதமாகத் தரப்பட்ட உடலைப் பேணத் தவறுவதாகும்.

ஆகவே ஜமாஅத்தார்க்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். மருத்துவமும் செவிலியமும் பயில விரும்பும் நம் பெண்பிள்ளைகளுக்கு பைத்துல்மாலிலிருந்து உதவ வேண்டும். கருவுற்றிருக்கும் பெண்ணின் வீட்டார், பிரசவ நாளுக்கு முன்பே எந்த மருத்துவமனையில் எந்நேரமும் பெண் மருத்துவர் உண்டென விசாரித்து வைக்க வேண்டும். ஆபத்து நேர்ந்துவிட்டால், ஃபத்வா கேட்க நம் கதவைத் தட்டி நேரத்தைப் போக்க வேண்டாம். நேரே மருத்துவமனைக்கு விரையுங்கள். ஃபத்வா இங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

யா அல்லாஹ்! எங்கள் பெண்மக்களுக்கு நாணத்தையும் நலத்தையும் ஒருங்கே அருள்வாயாக! எங்கள் அறியாமையால் நேர்ந்த பிழைகளைப் பொறுத்தருள்வாயாக! ஆமீன்.