கோலின்

கல்லீரலில் கொழுப்பு தேங்காமல் காக்கும் சத்து. ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் ஸ்ட்ரெக்கர் இதைப் பித்தத்திலிருந்து பிரித்தெடுத்து, 1862-இல் பெயரிட்டார். ‘கோலே’ என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பித்தம் என்றே பொருள்.

கோலினிலிருந்து உடல் பாஸ்ஃபடிடைல்கோலினைச் செய்துகொள்கிறது. கல்லீரல் கொழுப்பு இந்தப் பூச்சு பூசிய நுண்துகள்களாகத்தான் இரத்தத்துக்குப் போகும். பூச்சு போதவில்லையா, சரக்கு அங்கேயே தங்கிவிடும். கணையம் நீக்கிய நாய்களுக்குக் கோலின் கொடுத்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்வதில்லை என்று 1930-களில் காட்டியவர், இன்சுலின் புகழ் சார்லஸ் பெஸ்ட்.

கல்லீரல் தானாகவும் கொஞ்சம் தயாரிக்கும். அதற்கான நொதியைத் தூண்டுவது ஈஸ்ட்ரோஜன் என்பதால், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உணவுவழிக் கோலின் கூடுதலாகத் தேவைப்படலாம். திருக்கடையூரில் கணவரின் அறுபதாம் கல்யாணத்தில் மாலை மாற்றும் அம்மாக்கள் பெரும்பாலும் அந்த வயதினர்தான். விருந்து இலையிலோ சோறும் பாயசமும் தாராளம். அரிசியில் கோலின் சொற்பம். சாம்பாரின் பருப்பு ஓரளவு ஈடுகட்டும். முட்டை ஒன்றில் சுமார் 150 மி.கி. உண்டு, ஆனால் கோயில் பந்தியில் அதற்கு ஏது இடம்? அமெரிக்க அளவுகோல் பெண்களுக்கு நாளுக்கு 425 மி.கி., ஆண்களுக்கு 550.

கல்லீரலில் கொழுப்பு சேரும் பழியைக் கோலின் பற்றாக்குறை மேலேயே போட்டுவிட முடியாது. 2009-இல் வெளியான சென்னை ஆய்வில் 32 சதவீதத்தினருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது; சர்க்கரை நோயாளிகளிடம் அது இன்னும் அதிகம்.